காற்றுக்காரர் வீட்டு மூச்சு

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காற்றுக்காரர் என்றால்தான் தெரியும். ஆக்சிஜன் சிலிண்டர் விற்கிறவரை வேறு எப்படிச் சொல்வது? "ஊரெல்லாம் சும்மா கெடைக்கிற காத்தை இரும்புக்குள்ள அடைச்சுக் காசாக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான் அத்தான்" என்று கிண்டல் செய்வேன். "அப்ப அந்தச் சும்மா கெடைக்கிற காத்தை வச்சே இரும்பை வெட்டேன் மாப்ளே" என்பார். எனக்கு வெல்டிங் பட்டறை. இரும்பு வெட்ட அவரிடம்தான் சிலிண்டர் வாங்கியாக வேண்டும். அதனால் வாயை மூடிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில் அவர் கடை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவரோரம் சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர்கள். வாரத்துக்கு ஒரு தடவை நகரத்துக் கம்பெனி லாரி வந்து காலியை ஏற்றிக்கொண்டு நிறைந்ததை இறக்கிவிட்டுப் போகும். சிலிண்டரைச் சாய்த்து, ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, அடி விளிம்பில் உருட்டியபடி சந்தின் மேடு பள்ளமெல்லாம் தாண்டி வார்டு வரைக்கும் கொண்டு போவார். பக்கத்தில் நடக்கிறவரோடு பேசிக்கொண்டே போவார். நான் முயன்று பார்த்து என் கால் கட்டைவிரல் நகத்தைப் பறிகொடுத்தேன்.

தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். எண்ணெய்ப் பிசுக்கில் ஆக்சிஜன் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் முதலில் சொல்லித் தருகிற பயம். அதனால் முடி எப்போதும் துடைப்பம் மாதிரி நிற்கும். வால்வைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். "டாக்டர்கூட இத்தனை தடவை கழுவ மாட்டார், இவர் கழுவுறதுல தண்ணித்தொட்டியே காலியாயிடும்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதில் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. பெண் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வெளியூர் போன பிறகு அது தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் தினமும் சில மணி நேரம் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். அத்தானுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. நகைக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு வளையல் போடுவதைப் போல இவர் கட்டில் பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தி, மூக்கில் குழாயை மாட்டிவிட்டார். குழாய் வழியில் ஒரு தண்ணீர்க் குப்பி உண்டு, காற்று ஈரமாவதற்கு. அது குமிழிவிடும் சத்தத்தில் அக்கா தூங்கிப்போவாள். பணக்கார வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்காத கொடுப்பினை என்று பெருமையாகச் சொல்வாள். உண்மைதான். ஊரில் அந்த வியாதி வந்த மற்றவர்கள் யாரும் அத்தனை நாள் தாங்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் திட்டம் வந்தது.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆஸ்பத்திரிக்கு மிஷின் கொடுத்தது. அந்த மிஷினின் முழுப் பெயர் என் வாயில் நுழையாது. சுற்றியிருக்கும் காற்றை இழுத்து, உள்ளே இருக்கிற வெள்ளைக் குருணையில் வடிகட்டி, ஆக்சிஜனை மட்டும் வெளியே விடும். சிலிண்டர் வேண்டாம், லாரி வேண்டாம், கரண்டு இருந்தால் போதும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் இரண்டு கை குலுக்குகிற படம் ஒட்டியிருந்தது. திட்டத்தை நடத்த ஒரு மேடம் வந்தார். நம்மூர்ப் பெண்தான், வெளியே போய்ப் படித்தவர். திமிர் கிடையாது. வெயிலில் நின்று அட்டைப்பெட்டிகளைத் தானே இறக்கினார்.

அத்தான் பிழைப்பில் மண் விழுந்தது என்று நான் குதித்தேன். ஆஸ்பத்திரிக்காகத்தான் லாரி வந்துகொண்டிருந்தது. என்னைப் போன்ற நாலைந்து வெல்டர்களுக்காகக் கம்பெனி லாரி அனுப்பாது. ஆஸ்பத்திரி வாங்குவதை நிறுத்தினால் கடைக்குப் பூட்டுதான். போய் டாக்டரிடம் சண்டை போடுங்கள் என்றேன். அத்தான் போனார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"குழந்தைங்க வார்டைப் பாத்தியா மாப்ளே? ஒரு கட்டில் விடாம எல்லாத்துக்கும் குழாய் போட்டிருக்காங்க. முன்னாடியெல்லாம் நான் கொண்டு போற சிலிண்டரை எந்தப் புள்ளைக்கு மாட்டுறதுன்னு நர்சம்மா முழிப்பாங்க. ஒண்ணுக்கு மாட்டுனா இன்னொண்ணு போயிரும். இந்த மழைக் காய்ச்சலுக்கு ஒண்ணுகூடப் போகல. கடை போச்சேன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்ச் சண்டை போடுறது?"

அதோடு நான் குதிப்பதை நிறுத்தினேன். டீக்கடையில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரன் உதவி எல்லாமே ஏமாற்று என்று பேசுகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வார்டில் பிழைத்த குழந்தையின் அம்மாவிடம் போய் அதைச் சொல்லட்டும். உதவி வந்தால் நாடு முன்னேறிவிடும் என்று சொல்கிறவனைக் கண்டாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் என் அக்கா வீட்டுக்கு வரட்டும்.

மேடம் அத்தானுக்கே வேலை கொடுத்தார். மிஷின்களைத் துடைத்து, தூசி வடிகட்டியை அலசிக் காயவைத்து, அளவு பார்க்கிற வேலை. மாதாமாதம் தவறாமல் சம்பளம், கை குலுக்குகிற படம் போட்ட சட்டை. கடையில் அவர் பார்த்ததைவிட அதிகம். லாரி நின்றது. கம்பெனி தன் சிலிண்டர்களை எல்லாம் வாரிக்கொண்டு போனது. அத்தான் சொந்தமாக வாங்கி வைத்திருந்த சிலவற்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்து, நிறைந்தபடியே அக்காவின் கட்டிலுக்குப் பின்னால் நிறுத்தினார். கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் செய்கிறவன் வந்து உட்கார்ந்தான். நான் காஸ் கட்டிங்கை விட்டுவிட்டு வெறும் ஜன்னல் கிராதிக்கு மாறினேன்.

மேடம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்துவிட்டு, சின்ன மிஷின் ஒன்றை அனுப்பிவைத்தார். அக்காவுக்கு அதன் சத்தம் பிடிக்கவில்லை. "பக்கத்துல ஒரு மாடு படுத்துக்கிட்டு மூச்சு விடுற மாதிரி இருக்குடா" என்றாள். ஆனால் சிலிண்டர் தீருமே என்கிற கவலை போனது. நடுவில் கரண்டு போனால் மட்டும் பழைய சிலிண்டரைத் திறப்பார்கள். அந்தச் சில வருஷம் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். இதையும் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

பிறகு திட்டம் முடிந்தது. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆரம்பத்திலேயே இத்தனை வருஷம் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள், எழுதியபடி முடித்தார்கள். மிஷின்களை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டு, விழா வைத்து, "இனி இது உங்கள் சொத்து" என்றார்கள். எல்லோரும் கை தட்டினோம். மேடத்துக்கு வேறு ஊரில் வேறு திட்டம். போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சொத்து என்றால் பராமரிக்க வேண்டும் அல்லவா? உள்ளே இருக்கிற வெள்ளைக் குருணை ஈரம் பட்டுப் பட்டுச் செத்துப்போகும். புதிது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க ஆஸ்பத்திரிக் கணக்கில் தலைப்பே இல்லை. டாக்டர் மேலே எழுதினார், மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே எழுதினார்கள். அத்தானின் சம்பளமும் நின்றது. இருந்தும் தினமும் போய்த் துடைத்துக்கொண்டிருந்தார். "சும்மா போய் ஏன் உழைக்கிறீங்க?" என்று கேட்டேன். "துடைக்கலைன்னா இன்னும் சீக்கிரம் சாகும்" என்றார்.

ஒவ்வொன்றாக மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. மஞ்சள் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். கொடுமை என்னவென்றால் மிஷின் நிற்பதில்லை. சத்தம் வருகிறது, குழாயில் காற்று வருகிறது, தண்ணீர்க் குப்பியில் குமிழிகூட வருகிறது. வெறும் காற்று. ஜன்னலைத் திறந்தால் வருகிற அதே காற்று. பார்க்கிற தாய்மார்கள் பிள்ளைக்கு வைத்தியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டு மிஷினிலும் மஞ்சள் எரிந்தது. அத்தான் அதை மூலையில் தள்ளிவிட்டுப் பழைய சிலிண்டரைத் திறந்தார். அக்கா மறுபடியும் குமிழிச் சத்தத்தில் தூங்கினாள். சிக்கனமாகத் திறந்தால் வருஷக் கடைசி வரைக்கும் ஓடும், அதற்குள் நகரத்துக்குக் கொண்டு போய் நிரப்பி வந்துவிடலாம் என்பது அத்தான் கணக்கு.

அந்த வருஷ மழையில் காய்ச்சல் மோசமாக வந்தது. வார்டு நிரம்பி, வராந்தாவில் பாய் போட்டார்கள். ஒரு காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன அத்தான் பாதியில் திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. கட்டிலுக்குப் பின்னால் பார்த்தார், தரையைப் பார்த்தார். அக்கா அவரோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவள்.

"எத்தனை புள்ளைங்க?"

"நெறைய."

"எனக்கு ஒண்ணை வச்சிட்டு மத்ததைக் கொண்டு போங்க."

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?" என்று நான் கத்தினேன். "இது உன் உசுருக்கா. ஊருக்கு அள்ளிக் குடுக்கிற சமாச்சாரமா இது?"

"கத்தாதடா. போய் நிரப்பிக்கிட்டு வந்தா ஆச்சு. உங்க அத்தானுக்குத் தெரியாத கம்பெனியா?"

அதுதான் எங்கள் மூன்று பேர் மனதிலும் இருந்தது. போய் நிரப்பிக்கொண்டு வந்தால் ஆயிற்று. அத்தான் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு போனார். அன்றும் மறுநாளும் வார்டில் அந்தக் காற்று ஓடியது. அதற்கு அடுத்த நாள் விடிந்ததும், காலியான சிலிண்டர்களை என் பட்டறை வேனில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நகரத்துக்குக் கிளம்பினோம். பக்கத்து வீட்டம்மா அக்காவோடு இருப்பதாகச் சொன்னார். வழியெல்லாம் அத்தான் பழைய கதையாகப் பேசிக்கொண்டு வந்தார். கம்பெனிக்காரர்கள் தன்னை எப்படி மதித்தார்கள், லாரி டிரைவர் எப்படி இவர் வீட்டில் சாப்பிடாமல் போக மாட்டார் என்றெல்லாம்.

கம்பெனியில் ஆட்கள் மாறியிருந்தார்கள். நிரப்புகிற இடத்தில் இருந்தவர் சிலிண்டரின் தோளில் விரலால் தடவினார். அங்கே இரும்பில் பொறித்த தேதி இருக்கும். இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தத்தில் சோதித்துப் புதுத் தேதி பொறிக்க வேண்டும். தேதி கடந்த சிலிண்டரை நிரப்பினால் வெடிக்கலாம்.

"எல்லாமே தேதி போனது. நிரப்ப மாட்டேன்" என்றார்.

அத்தானும் குனிந்து தேதியைப் பார்த்தார். அவருக்குத் தெரியாத சங்கதியா? நன்றாகத் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்க அந்த வேலையை லாரிதான் பார்த்தது. தேதி நெருங்கியதைக் கம்பெனியே எடுத்துப்போய்ச் சோதித்து அனுப்பும். லாரி நின்றபோது அதுவும் நின்றது. நிறைந்தபடி சும்மா நின்ற சிலிண்டரில் தேதியைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மிஷின்தான் இருந்ததே.

"சோதிச்சுக் குடுங்க" என்றார் அத்தான்.

"சோதிக்கிறதுக்கு வேற ஊருக்குப் போகணும். வாரக் கணக்காகும்."

"அப்ப உங்க சிலிண்டர் ரெண்டு வாடகைக்குக் குடுங்க. நான் உங்க பழைய டீலருங்க."

"இப்ப டீலரா? லிஸ்டுல உங்க ஊரே இல்லையே பெரியவரே. இங்க இருக்கிற ஆஸ்பத்திரிக்கே அடிச்சுக்கிறாங்க."

நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். அத்தான் தடுத்தார். அந்த ஆள் கோபப்படவில்லை. "வெடிச்சா சாகறது என் ஆளு அண்ணே" என்றார். அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? இந்தக் கதை முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டேன், உதைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னும் இரண்டு மூன்று இடம் அலைந்தோம். காலியான சிலிண்டர்களோடு திரும்பினோம். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் அவை ஒன்றோடொன்று மோதின.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. பக்கத்து வீட்டம்மா அழுதுகொண்டே சொன்னார். "நான் நல்லாத்தான் திறந்து வச்சிட்டுப் போனேன். அடுப்பைப் பாத்துட்டு வர்றதுக்குள்ள அவங்களே குறைச்சு வச்சிருக்காங்க. கேட்டா, 'இருக்கட்டும், அவரு வர நேரமாகும்'னாங்க. மறுபடி திறந்தேன், மறுபடி குறைச்சிட்டாங்க."

அத்தான் சிலிண்டரின் மீட்டர் முள்ளைப் பார்த்தார். பாதிக்குமேல் இருந்தது.

எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, சோப்பை நூலால் அறுத்துப் பாதியாக்கி வைத்துக் குடும்பம் நடத்தியவள் அவள். அந்தக் கை மூச்சையும் அப்படியே மிச்சம் பிடித்திருக்கிறது. நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். அத்தான் அழவில்லை. குழாயைக் கழற்றினார். கை கழுவினார். வால்வை மூடினார். பிறகு, கூடியிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனார். பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். அவளை அடிக்கப் போன என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து மேடம் வந்தார். இப்போது வேறு நிறுவனம். கூட ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. பழைய திட்டத்தால் ஊருக்குப் பலன் உண்டா என்று விசாரிக்கிறார்களாம். அக்கா விஷயம் மேடத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கட்டிலைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்.

அந்தப் பெண்மணி கேட்டதை மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மிஷின் வந்ததால நல்லது நடந்துச்சா, கெட்டது நடந்துச்சான்னு கேக்குறாங்க."

அத்தான் யோசித்தார். "தெருவுல போகும்போது எனக்கு வணக்கம் சொல்ற புள்ளைங்க இருக்கு. அந்த மிஷின் இல்லேன்னா அதுங்க இல்ல. அதைப் பொய்ன்னு சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. எழுதிக்கச் சொல்லுங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "மேடம், மிஷினுக்குச் செலவு பண்ணின காசுல கொஞ்சத்தைப் போட்டு அந்த லாரியை நிக்காம வர வச்சிருந்தா என் அக்கா இருந்திருப்பாளா இல்லையா?"

மேடம் என்னை நேராகப் பார்த்தார். "இருந்திருப்பாங்க அண்ணா. நானே எழுதினேன். பொருள் வாங்கத்தான் நிதி, தினசரிச் செலவுக்கு நிதி கிடையாதுன்னுட்டாங்க. இப்பவும் அப்படித்தான்." பிறகு மெல்லச் சொன்னார். "புது மிஷின் வருது. சூரிய வெளிச்சத்துல ஓடும். பார்த்துக்க ஆள் வேணும்."

"எத்தனை வருஷத்துக்கும்மா?" என்று அத்தான் கேட்டார்.

"மூணு."

"அதுக்கப்புறம்?"

வெளிநாட்டுப் பெண்மணி, என்ன கேட்கிறார் என்று மேடத்தின் முகத்தைப் பார்த்தார். மேடம் அதை மொழிபெயர்க்கவில்லை.

புது மிஷின் பெட்டிகள் வந்த அன்று, அத்தான் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். என் பட்டறை வாசலைக் கடந்து போனார். புதுச் சட்டை, வேறு படம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுத்தியலைப் போட்டுவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் பின்னாலேயே ஓடினேன். வார்டு வாசலில் ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. பக்கத்தில் பழைய மிஷின் மஞ்சள் விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் புடி மாப்ளே, கனமா இருக்கு" என்றார் அத்தான், புதுப் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கியபடி.

நான் பிடித்தேன்.